பிட்டு போருக்குள் போன நாள்

மாமா ஆழ்குழாய்க் கிணறு தோண்டுகிற எங்கள் ரிக் லாரியோடு வடக்கே போய்ப் பல மாதம் கழித்துத் திரும்பியபோது, சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு நாய்க்குட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார். வெள்ளை உடம்பு, ஒரு காது மட்டும் பழுப்பு. அது குட்டியே இல்லை, முழுதாக வளர்ந்த வேட்டை நாய், அந்தச் சாதியே அவ்வளவு உயரம்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு பங்களாவில் போர் போட்டு நல்ல தண்ணீர் வந்ததாம், அந்தச் சந்தோஷத்தில் வீட்டுக்காரர் கொடுத்தாராம். அத்தனை உசத்தியான நாயை ஒரு மனுஷன் ஏன் சும்மா தூக்கிக் கொடுத்தான் என்று அம்மா மட்டும் கேட்டாள். ஒரே வாரத்தில் அவளுக்கு விடை கிடைத்துவிட்டது.

கனகாம்பரப் பாத்தி முதலில் போனது. பிறகு அப்பாவின் செருப்பு, மெத்தையின் ஒரு மூலை. மண்ணைத் தோண்டுகிற வேகத்தைப் பார்த்த ரிக் ஆட்கள் அதற்குப் பிட்டு என்று பெயர் வைத்தார்கள். பாறையைத் துளைக்கிற இரும்பு முனைக்கு எங்கள் தொழிலில் அதுதான் பெயர். பல்லியைக் கண்டால் சுவரில் ஏறப் பார்க்கும். அணில் கத்தினால் மரத்தையே சுற்றிச் சுற்றி வரும். அது உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

ஏதோ சீக்கு என்று பயந்து, அப்பா அதை ராசிபுரம் மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார். டாக்டர் சிரித்தார்.

“சீக்கெல்லாம் ஒண்ணுமில்லீங்க. வேலை பாக்கற சாதி இது. தினமும் நல்லா ஓட உடுங்க, எதையாச்சும் தேடிப் புடிக்க வைங்க. சும்மா வெச்சிருந்தா உங்க ஊட்டைத்தான் பிரிச்சுப் போடும்.”

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. டீசலும் தூசியுமாக வருஷம் முழுக்க உழைக்கிற குடும்பத்தில் ஒரு ஜீவனாவது உட்கார்ந்து சாப்பிடட்டுமே என்பது அவர் கட்சி. ஆகவே பிட்டுக்குப் பால்சோறும் நிழலும் குறைவில்லாமல் கிடைத்தன.

வெயில் கொளுத்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை பிட்டைக் காணவில்லை. கட்டிலுக்கடியில் தேடினோம், ரோட்டுக்கு ஓடிப் பார்த்தோம். ரோட்டில் போன ஒவ்வொரு லாரியின் சக்கரத்தையும் நான் குனிந்து குனிந்து பார்த்தேன். அப்போது வேலியோரம் ஆடு ஓட்டிப்போன பக்கத்துத் தோட்டத்து அக்கா, நடந்தபடியே சொன்னார்:

“நாயைத் தேடறீங்களா? அது அப்பவே போருக்குள்ள பூந்துருச்சுங்க.”

அப்பாவின் முகம் செத்துவிட்டது. எங்கள் தோட்டத்து மூலையில் தண்ணீர் வராத போர் ஒன்று இருந்தது. ஊருக்கெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர்களுக்குச் சொந்த நிலத்தில் வெறும் பாறைத்தூள் புகைதான் வந்தது. வாயைச் சாக்கால் மூடி, மேலே கல் வைத்திருந்தார்கள். ஓடிப்போய்ப் பார்த்தால் சாக்கு நைந்து கிழிந்திருந்தது, கல்லும் விலகியிருந்தது. பிட்டின் உடம்பு அந்தக் குழாய்க்குள் தாராளமாக இறங்கும்.

அப்பா குப்புறப் படுத்துக் குழாயில் காதை வைத்தார். அம்மா என்னைக் கிட்டே விடவில்லை. அவள் பிடித்த பிடியில் அவள் வளையல் என் மணிக்கட்டில் பதிந்தது. அப்போது குரைப்பு கேட்டது. மண்ணுக்கடியில் எங்கிருந்தோ, மூக்கடைத்தவர் பேசுவதுபோல, விடாமல்.

அக்கம்பக்கத்தில் இருந்த ரிக்காரர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். கயிறு வந்தது, கொக்கி வந்தது. கயிற்றில் டார்ச்சைக் கட்டி இறக்கிப் பார்த்தார்கள், இருட்டுத்தான் தெரிந்தது. கம்ப்ரசரை வைத்துக் காற்றடித்தால் மேலே வந்துவிடும் என்றார் ஒருவர். “நாய் வருமா, நாய்த்தோல் வருமா?” என்று அப்பா அவர்மேல் பாய்ந்தார். ரிக்கோடு வெளியூர் போயிருந்த மாமா போனில், “கேசிங் எத்தனை அடி மச்சான், கேசிங் எத்தனை அடி?” என்று மண் சரியாமலிருக்க உள்ளே இறக்கிய குழாயின் நீளத்தையே அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குழியின் ஆழம் அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

நான் எட்ட நின்றே, “பிட்டு! பிட்டு!” என்று கத்தினேன். குரைப்பு இன்னும் வேகமானது. என்னைத்தான் கூப்பிடுகிறது, பயந்து சாகிறது என்று நினைத்து ஓவென்று அழுதேன். பிறகு குரைப்பு நின்றது. அந்த அமைதியைப்போல எனக்குப் பயம் கொடுத்தது அதுவரை எதுவுமே இல்லை. அம்மா என் தலையைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள்.

வெயில் தாழ, ஆடுகளைத் திருப்பி ஓட்டிக்கொண்டு அந்த அக்கா வந்தார்.

“ஏனுங்க, எல்லாரும் இங்க என்னங்க பண்றீங்க?”

“நீதானம்மா சொன்ன, போருக்குள்ள பூந்துருச்சுன்னு!” என்றார் அப்பா.

“அட சாமி! நாஞ் சொன்னது தட்டுப் போரைங்க!”

மாட்டுக்காகச் சோளத்தட்டை அடுக்கி வைத்திருக்கிற குவியலுக்கும் போர் என்றுதான் பெயர். அது நாங்கள் நின்ற இடத்துக்கு முதுகுப் பக்கமாகவே இருந்தது. ஊரில் மற்றவர்களுக்கெல்லாம் இரண்டு போர், எங்களுக்கு ஒன்றுதான்.

கயிறுகளை அப்படியே போட்டுவிட்டுத் தட்டைப் பிரித்தார்கள். அடியில் பெருச்சாளி வளை ஒன்று, போர்க்குழாய்ப் பக்கமாக நீண்டு போனது; குரைப்பு குழாயில் கேட்டது அதனால்தான். அதன் வாயில் புது மண் குவிந்து கிடக்க, உள்ளே இரண்டு பின்னங்கால்கள் உதைத்துக்கொண்டிருந்தன. அப்பா பிடித்து இழுத்தார். வெளியே வந்த பிட்டு அவர் விரலைக் கடித்துவிட்டு மறுபடியும் உள்ளே பாய்ந்தது. மூக்கில் ரத்தம், கண்ணெல்லாம் மண். பயத்தில் அதற்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். அப்பா துண்டைப் போட்டுச் சுருட்டி, நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்தார். அவர் கண் கலங்கி அன்றுதான் பார்த்தேன்.

அன்று மாலையே ராசிபுரம் போய்க் கெட்டியான சங்கிலி ஒன்று வாங்கி வந்தார். வேப்பமரத்தடியில் பிட்டைக் கட்டினோம். அம்மா பால் ஆற்றி வைத்தாள். எனக்கு மனசு நிறைந்திருந்தது, இனி அது எங்கும் தொலையாது.

பிட்டு பாலைத் தொடவில்லை. சங்கிலி விடுகிற மட்டும் போய் நின்று, தட்டுப் போர் இருந்த திசையையே பார்த்து, உடம்பெல்லாம் நடுங்க முனகியது. நான் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “பயப்படாத சாமி, இனி உன்னை அந்தப் பக்கமே உட மாட்டோம்” என்றேன்.

அது இன்னும் பலமாக முனகியது. நன்றி சொல்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.