காவியோத்தா கட்டடத்து வாசக் கதவு

"ஏய்யா, கடலுக்கா வெந்நி போட்டுக் குடுக்குற? கதவச் சாத்துய்யா மொதல்ல."

சுல்மா போட்ட சத்தம் எதிர்த்தாப்ல இருக்குற ரொட்டிக் கடை வரைக்கும் கேட்டுச்சு. ஜூலை மாசம், அங்க அதுதான் நடுக்குளிரு, காலை ஏழரை மணி. கடற்கரை ரோட்டுலருந்து காத்து கத்தி மாதிரி வருது. காவியோத்தா கட்டடத்து வாசல்ல வாட்ச்மேன் வில்மார் முக்காலி போட்டு உக்காந்திருக்கான். கையில மாத்தேங்கிற கசப்பு டீ குடிக்கிற குடுக்கை, காலுக்கு நடுவுல அதுக்கு வெந்நி பிளாஸ்க்கு. அவனுக்குப் பின்னாடி பத்து மாடிக் கட்டடத்தோட கண்ணாடிக் கதவு ஆன்னு தொறந்து கெடக்கு, மூடிக்காம இருக்க அடியில ஒரு மர ஆப்பு.

"நீ யாரும்மா கதவச் சாத்தச் சொல்றதுக்கு?"

"ஒங்க மேனேஜரு வரச் சொன்ன ஆளு. எண்ணெ எங்க போவுதுன்னு பாக்க வந்தவ."

"எண்ணெ பாய்லருக்குப் போவுது. பாத்தாச்சுல்ல, கெளம்பு."

சுல்மாவுக்குப் பொறுமைங்கிறது பொறக்கும்போதே கெடையாது. பூட்ஸ் காலால ஆப்ப எத்தி விட்டா. அம்புட்டுப் பெரிய கதவு, காத்து வேற தள்ளுது, படார்னு வந்து முக்காலிய இடிச்சுது. பிளாஸ்க்கு உருண்டு படியில விழுந்துச்சு. வில்மார் எடுத்து ஆட்டிப் பாத்தான். உள்ள கண்ணாடி கலகலன்னுச்சு.

அந்த ஊருல ஆம்பளையோட பிளாஸ்க்க ஒடைக்கிறதும் மூஞ்சியில குத்துறதும் ஒண்ணுதான். பஸ்ஸுல போனாலும் அக்குள்ல பிளாஸ்க்கு, சாவு வீட்டுக்குப் போனாலும் அக்குள்ல பிளாஸ்க்கு.

"பதினோரு வருசமா வெச்சிருந்தேன்" அப்படின்னான் வில்மார்.

"கதவு சாத்தியிருந்தா விழுந்திருக்குமா?" அப்படின்னுட்டு உள்ள போயிட்டா சுல்மா. மன்னிப்புங்கிற வார்த்த அவ வாயில வந்தத அவ புருசன் கூட கேட்டதில்ல. அவன் செத்து ஒம்பது வருசம் ஆச்சு.

சுல்மா பெந்தான்கோர் பொறந்தது மொந்தெவிதேயோ பட்டணத்துல வசதியான பக்கம் இல்ல. விரிகுடாவுக்கு அந்தாண்ட, செர்ரோ மேட்டுல, தகரக் கூரை வீடு. அப்பன் கறி ஃபேக்டரியில ஐஸ் ரூம்ல வேலை. நாள் பூரா பனிக்கட்டிக்குள்ள நின்னுட்டு வீட்டுக்கு வந்தா வீடும் பனிக்கட்டியாத்தான் இருக்கும். ராத்திரிக்கு அவ ஆத்தா அடுப்புல ஒரு செங்கல்லச் சுட்டு, துண்டுல சுத்தி, படுக்கையில வெப்பா. நாலு புள்ளைங்க, ஒரு செங்கல். யாரு காலுக்கு எவ்வளவு நேரம்னு சண்டை. சுல்மாதான் கடைசி, அவ காலுக்கு வரும்போது அது வெறுங்கல்லாத்தான் இருக்கும்.

பத்தொம்பது வயசுல கரண்டு ஆபீஸ்ல மீட்டர் பாக்குற வேலைக்குச் சேந்தா. அந்தக் காலத்துல அந்த வேலைக்குப் பொம்பள கெடையாது. கூட வேலை செஞ்சவனுங்க சிரிச்சானுங்க. கொஞ்ச நாள்ல சிரிப்ப நிறுத்திட்டானுங்க, இவ வாய்க்குப் பயந்து. மொத குளிர்காலத்துலயே போசித்தோஸ் பக்கம் மீட்டர் பாக்கப் போனா. பணக்காரங்க பக்கம், கடலப் பாத்த உசந்த உசந்த கட்டடம். கீழ பாய்லர்ல எண்ணெ எரிச்சு, தரைக்குள்ள குழாய் பதிச்சு வெந்நி ஓட விட்டிருக்காங்க, செருப்பு இல்லாம நடக்கலாம். அண்ணாந்து பாத்தா, கொல்லுற குளிருல மேல் மாடி ஜன்னல் அத்தனையும் தொறந்து கெடக்கு. உள்ள வேகுதாம், அதனால தொறந்து வெச்சிருக்காங்களாம். கூரையில கரும்பொகை போயிட்டே இருக்கு.

அன்னிக்கு ஏறுன எரிச்சல் அவளுக்கு எறங்கவே இல்ல. முப்பத்தொரு வருசம் வேலை பாத்து, பென்ஷன் வாங்குன மறு மாசமே, தெர்மாமீட்டர் ஒரு டஜன் வாங்கிக்கிட்டு கட்டடம் கட்டடமா ஏற ஆரம்பிச்சா. எங்க சூடு வீணாவுது, எந்த வால்வத் திருகணும், பொகைய எப்படிக் கொறைக்கலாம்னு கண்டுபுடிச்சு எழுதிக் குடுப்பா. வேலை சுத்தம். வாய்தான் வெனை. ஒரு பல் டாக்டரு, நாலு கட்டடத்துக்குச் சொந்தக்காரன், அவன்கிட்ட போய், "ஒங்க பாய்லரு ஒங்க நோயாளி பல்லு மாதிரி இருக்கு, நீங்களே கெடுத்து நீங்களே காசு வாங்குறீங்க" அப்படின்னா. அவன் நாய அவுத்து விட்டான்.

காவியோத்தா கட்டடத்துக்கு அவளக் கூப்புட்டது மேனேஜர் கோர்போ. வழவழன்னு பேசுற ஆளு. போன்லயே சொல்லிட்டான்: "இங்க பாரும்மா, குடியிருக்கிறவங்க மாசச் செலவு தாங்கலன்னு கத்துறாங்க. ஒண்ணு எண்ணெ கொறையணும், இல்லாட்டி வாட்ச்மேன அனுப்பிட்டு வாசல்ல கேமரா வெச்சிருவோம். எண்ணெயில மூணுல ஒரு பங்கு கொறைக்க வழி இருந்தா அவன் இருக்கட்டும். இருபதாம் தேதி கூட்டம், அதுக்குள்ள சொல்லு."

வில்மாருக்கு அம்பத்தாறு வயசு. அந்த வயசுல இன்னொரு கட்டடத்துல எவன் எடுப்பான்? வேலை போனா கீழ ரெண்டு ரூம் வீடும் போச்சு, அது வேலையோட குடுத்தது. விஷயம் அவனுக்கும் தெரியும். ஆனாலும் சுல்மா மேல இருந்த கடுப்புல, அளக்க வந்த மொத நாளே லிஃப்ட நிறுத்தி வெச்சுட்டான்.

"ரிப்பேரு" அப்படின்னான்.

"இப்பத்தானே ஒரு ஆளு எறங்கி வந்தாரு?"

"எறங்கும். ஏறாது."

பத்து மாடி ஏறுனா சுல்மா, மூட்டு வலியோட. ஒவ்வொரு மாடியிலயும் நின்னு அவனத் திட்டிட்டே ஏறுனா.

பத்தாவது மாடியில தோன்யா இர்மா, தோன்யான்னா அங்க அம்மான்னு மரியாதை. கமிட்டித் தலைவி. கட்டடம் கட்டுன காலத்துலருந்து இருக்குற அம்மா. வெளிய நாலு டிகிரி, அந்தம்மா கையில்லாத கவுன் போட்டு விசிறிக்கிட்டு இருக்கு. ஜன்னல் ரெண்டும் விரியத் தொறந்திருக்கு. சுல்மா தெர்மாமீட்டர வெச்சா. இருபத்தெட்டு.

"ஜன்னலச் சாத்துங்கம்மா."

"சாத்துனா நான் வெந்து போவேன்."

"அப்ப சூட்டக் கொறைக்கச் சொல்லுங்க."

"கொறைச்சா ரெண்டாவது மாடிக்காரங்க வெறைக்குதுன்னு வருவாங்க. அதுவுமில்லாம வீடுன்னா காலையில காத்தாட விடணும். எங்க வீட்டுல அப்படித்தான் வளத்தாங்க. ஒன் வீட்டுல எப்படியோ."

"எங்க வீட்டுல காத்து தானாவே வரும்மா. தகரத்துல ஓட்டை."

"அது ஒன் பேச்சுலயே தெரியுது" அப்படின்னு அந்தம்மா கதவச் சாத்துச்சு. ஜன்னலச் சாத்தல.

அஞ்சு நாள் அளந்தா. ஆறாம் நாள் காலையில ஹால்ல நின்னு பாத்தப்பத்தான் விஷயம் பிடிபட்டுச்சு. வாட்ச்மேன் மேசைக்குப் பின்னாடி சுவத்துல ஒரு பழைய டப்பா. அதுதான் கட்டடத்துக்கே சூடு பாக்குற பெட்டி. குளிருதுன்னு அது சொன்னா பாய்லர் எரியும், போதும்னா நிக்கும். கட்டுனவன் மவராசன் அத வாசலுக்கு நேரா மாட்டி வெச்சிருக்கான். ஏழு மணிக்கு வில்மார் கதவத் தொறந்து ஆப்பு வெப்பான். கடல் காத்து நேரா வந்து பெட்டியில அடிக்கும். பெட்டி என்ன நெனைக்கும்? பத்து மாடியும் வெறைக்குதுன்னு நெனைக்கும். பாய்லர் முழு மூச்சா எரியும். மேல இருக்கிறவங்க வெந்து போயி ஜன்னலத் தொறப்பாங்க. வருசத்துக்கு முப்பதாயிரம் லிட்டர் எண்ணெ இப்படிப் போயிருக்கு, தொண்ணூறு டன் கரியமிலக் காத்து ஆகாசத்துக்கு.

சுல்மா அன்னிக்கே எழுதிட்டா. வாட்ச்மேன் தெருவுல போறவங்களோட பேச்சு சுகத்துக்கு காலையில நாலு மணி நேரம் கதவத் தொறந்து போட்டு உக்காந்திருக்காரு, அதுதான் காரணம்னு. எழுதும்போது படியேறுன மூட்டு வலியும் சேந்துதான் எழுதுச்சு.

இருபதாம் தேதி சாயங்காலம் ஹால்ல மடக்கு நாற்காலி போட்டு கூட்டம். முப்பத்தேழு வீட்டுக்காரங்க வந்திருந்தாங்க. வில்மார் மேசைகிட்ட நின்னான். கூட்டத்துல வாட்ச்மேன் வாயத் தொறக்கக் கூடாது, அது வழக்கம். கோர்போ காகிதத்தப் படிச்சான். படிச்சு முடிச்சதும் அவன் மூஞ்சியில ஒரு வெளிச்சம்.

"ஆக, பிரச்சனையே வாட்ச்மேன்தான். அவர அனுப்பிட்டா எண்ணெயும் மிச்சம், சம்பளமும் மிச்சம். கேமராவுக்கு ஆப்பு வெக்கத் தெரியாது."

நாலு பேரு சிரிச்சாங்க. தோன்யா இர்மா, "நான் அப்பவே சொன்னேன், இந்த ஆளு சரியில்லன்னு" அப்படின்னுச்சு.

சுல்மாவுக்கு அப்பத்தான் ஒறச்சுது. வில்மார் வேலையக் காப்பாத்தணும்னு எண்ணெயத் தேட வந்தவ, வேலையத் தொலைக்கிற வரிய தன் கையாலயே எழுதிக் குடுத்திருக்கா. வில்மாரப் பாத்தா. அவன் இவளப் பாக்கல. மேசை டிராயரத் தொறந்து தடி நோட்டு ஒண்ண எடுத்து, பக்கத்தப் பிரிச்சு, இவ மடியில பொத்துன்னு போட்டான். கட்டடத்துக் கூட்டத்துல பேசுறத எழுதி வெக்கிற நோட்டு. பதினாலு வருசத்துக்கு முந்துன தேதி.

சுல்மா எந்திரிச்சு நின்னு சத்தமாப் படிச்சா.

"ஈர நாய் வாடையும் பினாயில் வாடையும் தேங்குவதால், தினமும் காலை ஏழு மணி முதல் பதினோரு மணி வரை ஹால் காற்றாட வாசல் கதவைத் திறந்து வைப்பது வாட்ச்மேன் பொறுப்பு. தவறினால் எச்சரிக்கைக் கடிதம். அனைவரும் ஒப்புக்கொண்டனர். ஒப்பம், இர்மா, தலைவி."

பின்னாடி யாரோ இருமுனாங்க.

"வாடை அடிச்சுச்சு" அப்படின்னுச்சு தோன்யா இர்மா. "நாத்தத்துல குடியிருக்கச் சொல்றியா?"

"இந்தக் கட்டடத்துல எட்டு நாய் வளக்கச் சொன்னது யாரும்மா? கைதூக்குனது நீங்க எல்லாரும். அந்தாளு பதினாலு வருசமா குளிருல உக்காந்து ஒங்க ஒப்பத்தக் காவல் காத்திருக்கான்." சுல்மா கோர்போ கையிலருந்த தன்னோட காகிதத்தப் பிடுங்குனா. "இதுல பேச்சு சுகத்துக்குன்னு எழுதிருக்குது பாருங்க, அது பொய். எழுதுனவ நான். கேக்காம எழுதிட்டேன். வாட்ச்மேன அனுப்புனா சூடு கொறையாது. நாளைக்கே கேமரா முன்னாடியும் இந்தம்மா கதவத் தொறந்து வெக்கச் சொல்லும். பெட்டியக் கழட்டி மூணாவது மாடி நடையில, காத்து படாத சுவத்துல மாட்டுங்க. கதவச் சாத்துங்க. ஒரு குளிர்காலம் பாருங்க. மூணுல ஒரு பங்கு கொறையலன்னா எனக்குக் காசு வேணாம்."

"கொறையலன்னா அவனையும் அனுப்பிருவோம்" அப்படின்னான் கோர்போ.

"கொறையும்யா. ஒன் வாய்தான் கொறையாது."

இருபத்திரெண்டுக்குப் பதினஞ்சுன்னு ஓட்டு விழுந்துச்சு. ஒரு குளிர்காலம் தவணை. யாரும் அவளுக்கு நன்றி சொல்லல. நாற்காலிய மடக்கிட்டு லிஃப்டுக்குப் போயிட்டாங்க.

வில்மார் ஆப்பக் கையில வெச்சுக்கிட்டு நின்னான்.

"ஏய்யா, அன்னிக்கே நோட்டக் காட்டியிருக்கலாம்ல?"

"ஏன் தொறந்து வெச்சிருக்கேன்னு ஒரு வார்த்த கேட்டியா நீ? சாத்துன்னுதானே சொன்னே. கால வேற நீட்டுனே."

சுல்மா தெர்மாமீட்டர எல்லாம் பையில போட்டுக்கிட்டு கெளம்புனா.

பெட்டிய மாத்துனாங்க. அடுத்த வருசம் குளிர்காலம் முழுசுக்கும் எண்ணெ லாரி அஞ்சு தடவதான் வந்துச்சு. அதுக்கு முந்தி எட்டுத் தடவ. கூரைப் பொகை மெலிஞ்சு போச்சு, பக்கத்துக் கட்டடத்து மொட்டை மாடியில துணி கருக்காம காஞ்சுது. வில்மார் வேலை தப்பிச்சுது. பத்தாவது மாடியில இருபத்தோரு டிகிரி. தோன்யா இர்மா ஜன்னலச் சாத்திட்டு, கம்பளிச் சால்வை ஒண்ணு வாங்கிப் போத்திக்கிட்டு, அந்தச் செர்ரோக்காரி தன்னக் குளிருல சாகடிக்கிறான்னு பாக்குறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டுத் திரியுது. வில்மாருக்கும் கடுப்பு தீரல. கதவ மூடிட்டதால தெருவுல போறவன் வர்றவன்கிட்ட பேச வழியில்ல, மீனு தொட்டி மாதிரி கண்ணாடிக்குள்ள உக்கார வெச்சுட்டாளாம்.

கணக்கு முடிஞ்சு தன்னோட கூலி கைக்கு வந்த அன்னிக்கு சுல்மா பெரிய ரோட்டுல இருக்குற பிளாஸ்க்கு கடைக்குப் போனா. மூணு பிளாஸ்க்க எடுத்து வெக்கச் சொல்லி, மூணுலயும் வெந்நி ஊத்தச் சொல்லி, பையிலருந்து தெர்மாமீட்டர எடுத்தா. ரெண்டு மணி நேரம் கடையிலயே நாற்காலி போட்டு உக்காந்துட்டா. கடைக்காரன், "வாங்க வந்தியா, பரீட்சை வெக்க வந்தியா?" அப்படின்னான். "ஒன் சரக்கு பாஸானா வாங்குறேன்" அப்படின்னா. ரெண்டு ஃபெயிலு. ஒண்ணு பாஸு, உள்ளயும் எஃகு, விழுந்தாலும் ஒடையாது.

கொண்டு போயி வில்மார் மேசை மேல வெச்சா.

"என்ன இது?"

"பிளாஸ்க்கு. தெரியல?"

அவன் மூடியத் தொறந்து பாத்தான், மோந்து பாத்தான், ஆட்டிப் பாத்தான். "பழசு நல்லா இருந்துச்சு" அப்படின்னான்.

"பழசுல சூடு நிக்காது. வெச்சுக்க. திருப்பிக் குடுத்தேன்னா ஒன் தலையிலயே போடுவேன்."

"லிஃப்டு ஓடுது" அப்படின்னான் அவன். "மேல போறதுன்னா போ."

"போறதுக்கு ஒண்ணுமில்ல" அப்படின்னுட்டு, கதவ நல்லா இழுத்துச் சாத்திட்டு வெளிய வந்தா. பிளாஸ்க்கு பில்லு அவ கோட்டுப் பையிலதான் கெடந்துச்சு: மூவாயிரத்து நூத்தித் தொண்ணூறு பேசோ.