அக்காவின் வயதில் சேர்த்த பிள்ளை

திருப்பூரில் எல்லாவற்றுக்கும் அவசரம். நூல் வந்த அன்றே துணி கேட்பார்கள், துணி வந்த அன்றே பெட்டி கட்டச் சொல்வார்கள். பிள்ளைகளை மட்டும் நிதானமாக வளர விடுவார்களா என்ன? மண்ணரைப் பகுதியில் இருந்த முனவர் பேகமும் இந்த அவசரத்தில் வளர்ந்தவள்தான். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தால், பக்கத்தில் இடி விழுந்தாலும் தலை தூக்க மாட்டாள். கணவர் முஸ்தபா அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கொஞ்சம் வாய் அதிகம், ஆனால் நல்ல மனிதர்.

அவர்களுடைய முதல் பிள்ளை தபஸ்ஸும் நடை பழகும் முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். தூக்கம் வந்தால் இடது காதுமடலைத் திருகிக்கொண்டே கிடக்கும் குழந்தை. சின்ன வயதில் போன பிள்ளைகள் சொர்க்கத்தின் வாசலில் தாய் தகப்பனுக்காகக் காத்திருப்பார்கள் என்று வந்தவர்கள் எல்லாம் ஆறுதல் சொன்னார்கள். முனவர் பேகம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, சரியாக அழுது முடிக்காமலே மெஷினுக்குத் திரும்பினாள். அப்புறம் ரிஃபானா பிறந்தாள்.

ரிஃபானாவுக்கு இரண்டரை வயது ஆனபோது, அவளைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண் வேலம்பாளையத்துக்குக் குடிபோய்விட்டாள். பிள்ளையை எங்கே விடுவது? சித்ராதேவி என்பவர் நடத்தும் சின்னப் பள்ளியில் கம்பெனி விடும்வரை பிள்ளைகளை வைத்துக்கொள்வார்கள். ஆனால் வயது நிரம்பாத பிள்ளையை அந்தம்மா எல்.கே.ஜி.யில் சேர்க்கவே மாட்டார்.

"தபஸ்ஸுமோட பொறப்பு சர்டிபிகேட் ஊட்லதான கெடக்குது," என்றார் முஸ்தபா. "அதக் குடுத்துரலாம். ஒரு வருசம் மிச்சம். சீக்கிரம் சேந்தா சீக்கிரம் படிச்சு மேல வந்துருவா."

"தப்பில்லீங்களா?"

"படிக்க வெக்கறதுல என்ன தப்பு?"

வயதைக் கூட்டிச் சொல்லிப் பள்ளியில் சேர்ப்பது இந்தப் பக்கம் புதிதா? பாதிப் பேருக்கு வாத்தியார் போட்ட பிறந்தநாள்தான். ஆனால் இவர்கள் வயதோடு சேர்த்துப் பெயரையும் கொடுத்தார்கள். "பள்ளிக்கூடத்துல உம்பேரு தபஸ்ஸும். ஊட்டுக்கு வந்தா ரிஃபானா. சரியா கண்ணு?" என்று முனவர் பேகம் சொல்லிச் சொல்லிப் பழக்கினாள்.

முதல் சில மாதங்கள் பிள்ளை பட்ட பாடு சொல்லி மாளாது. க்ரேயான் கையில் நிற்கவில்லை. மற்ற பிள்ளைகள் எழுதும்போது பெஞ்சிலேயே சரிந்து தூங்கினாள். பெரிய பிள்ளைகளுக்கு நடுவில் மிரண்டுபோய் உட்கார்ந்திருந்தாள். "வயசுக்கு வளத்தி பத்தலீங்களே," என்றார் சித்ராதேவி. முனவர் பேகம் தலை குனிந்துகொண்டாள்.

காலாண்டு லீவு முடிந்து போன பிள்ளை வேறு பிள்ளையாக இருந்தாள். எழுத்து மணிமணியாக வந்தது. வகுப்பில் அவள்தான் முதல். முஸ்தபா கம்பெனி முழுக்க மிட்டாய் கொடுத்தார். அன்று வீட்டில், "பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்த பாட்டு சொல்லு கண்ணு," என்று முனவர் பேகம் மடியில் இழுத்து வைத்துக் கேட்டாள். பிள்ளை விழித்தது.

"எனக்குத் தெரியாதும்மா. அதெல்லாம் தபஸ்ஸுமுக்குத்தான் தெரியும்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று சிரித்தாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஒரு நாள் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போய் வகுப்பு ஜன்னலில் நின்று பார்த்தாள். மகள் எழுந்து நின்று தடங்கல் இல்லாமல் பாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் உட்கார்ந்ததும் முனவர் பேகம் மெதுவாக, "ரிஃபானா," என்று கூப்பிட்டாள். திரும்பவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டாள். அசையவே இல்லை. கடைசியில், "தபஸ்ஸும்," என்றாள். பிள்ளை சட்டென்று திரும்பிச் சிரித்தது. அதன் கை இடது காதுமடலைத் திருகிக்கொண்டிருந்தது.

அந்தப் பழக்கத்தை ரிஃபானா யாரிடம் பார்த்தாள்? சொர்க்கத்து வாசலில் நிற்க வேண்டியவளை இந்த பெஞ்சுக்கு இழுத்து வந்தது நான்தானே என்று முனவர் பேகம் நினைத்தாள். பயம்தான். ஆனால் பயத்துக்கு அடியில் ஒரு சந்தோஷமும் இருந்தது. அதற்காக வெட்கப்பட்டாலும் அவளால் அதை விட முடியவில்லை. அடுத்த வாரமும் ஜன்னலுக்குப் போனாள். வாரா வாரம் போனாள். பெரியவள் இருந்திருந்தால் இந்த வகுப்பில்தான் இருந்திருப்பாள், இப்படித்தான் பாடியிருப்பாள்.

யு.கே.ஜி. முடியும்போது வீட்டிலும் ஜன்னலில் பார்த்த அந்தப் பிள்ளையே இருக்க ஆரம்பித்தது. சோற்றுக்கு அடம் இல்லை, அழுகை இல்லை. ஒரு மாலை முனவர் பேகம் பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டே, "ரிஃபானா எங்க கண்ணு?" என்று கேட்டாள்.

"அவ தூங்கறா."

"எப்ப எந்திரிப்பா?"

"இனி எந்திரிக்க மாட்டாளாம். அவளுக்கு ஒண்ணாங்கிளாஸ் ரொம்பக் கஷ்டமாம்."

முனவர் பேகம் சீப்பை வைத்துவிட்டுக் கணவருக்காக வாசலில் உட்கார்ந்தாள். முஸ்தபா வந்ததும், உண்மையைச் சொல்லிப் பிள்ளையை அவள் சொந்தப் பெயரில், சொந்த வயதுக்கு யு.கே.ஜி.யிலேயே மறுபடியும் உட்கார வைக்கப்போவதாகச் சொன்னாள்.

"கிளாஸ்ல முதலா வர்றவள ஏன் கீழ எறக்கற? புத்தி கெட்டுப்போச்சா?"

"ரெண்டுல ஒண்ணுதானுங்க நம்ம கையில இருக்குது. அதையும் விட்டுறச் சொல்றீங்களா?"



மறுநாள் மகளோடு போய் சித்ராதேவியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தம்மா கொதித்துப்போனார். திட்டி ஓய்ந்து, பேனாவை எடுத்து, "அப்ப தபஸ்ஸும்ங்கற பேர அடிச்சிரட்டுங்களா?" என்றார்.

சின்னக் கேள்விதான். தபஸ்ஸுமை அடக்கம் செய்யத் தூக்கிப் போனபோது யாரும் முனவர் பேகத்தைக் கேட்கவில்லை, இப்போது கேட்கிறார்கள்.

"அடிச்சிருங்க," என்றாள்.

பக்கத்தில் இருந்த பிள்ளை திடீரென்று வாய்விட்டு அழ ஆரம்பித்தது. பசிக்கிறதாம், கால் வலிக்கிறதாம், தூக்க வேண்டுமாம். ரிஃபானாவின் அழுகை. முனவர் பேகம் அள்ளித் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கேட்டைத் தாண்டும்போது பிள்ளை அவள் தோளுக்கு மேலாக வகுப்பையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அம்மா, தபஸ்ஸும் பெஞ்சுல உக்காந்து நம்மளயே பாக்கறா. அவளக் கூட்டிட்டுப் போகலயா?"

திரும்பிப் பார்த்தால் பெரியவள் தெரிந்துவிடுவாளோ என்று முனவர் பேகத்துக்குப் பயமாக இருந்தது. தெரியாமல் போய்விட்டால் என்ன செய்வது என்பது அதைவிடப் பெரிய பயம்.

"இல்ல கண்ணு. அவ அவ எடத்துக்குப் போகட்டும்," என்று சொல்லிவிட்டு, திரும்பாமல் நடந்தாள்.