முதல் ஆட்டு ஈரல்

1. கோடு விழவில்லை

மூன்றாவது முறையும் பிலிம் வெறுமையாக வந்தது.

பெரம்பலூரில் ஒரு கல்லூரி லேபில் நான் அட்டெண்டராக இருந்தேன். பத்தாவது வரை படித்தவன். கண்ணாடிச் சாமான் கழுவுவது, ஐஸ் வாங்குவது, சாம்பிள் கொண்டுவருவது என் வேலை. ஆராய்ச்சி செய்தவர் கலையரசி மேடம். தினமும் அரியலூரிலிருந்து பஸ்ஸில் வருவார்.

பிள்ளைகளே, முழங்காலில் அடிபட்டால் கொஞ்ச நேரத்தில் ரத்தம் உறைந்து நின்றுவிடுகிறது இல்லையா? அதற்கு வேண்டிய புரதங்களை ஈரல் செய்கிறது. அவற்றை வேலைக்குத் தயாராக்க ஈரலிலேயே ஓர் என்சைம் இருக்கிறது. கீரையில் கிடைக்கும் வைட்டமின் கே இல்லாவிட்டால் அது வேலை செய்யாது. ஆட்டு ஈரலில் அந்த என்சைமைப் பிடித்துக் காட்டுவதுதான் மேடத்தின் ஆராய்ச்சி. அதைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்வதுதான் ஆன்டிபாடி. ஒட்டிக்கொண்டால் எக்ஸ்ரே பிலிமில் கறுப்பாக ஒரு கோடு விழும். லேபில் அதை பேண்ட் என்போம்.

ஆன்டிபாடி வெளிநாட்டிலிருந்து சின்னக் குப்பியில் வந்தது. இன்னும் ஒரு தடவைக்குத்தான் மிச்சம் இருந்தது.

புரொபசர் பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஆன்டிபாடியே தண்டம்மா. அடுத்த தடவையும் வரலன்னா தலைப்ப மாத்திடு."

"ரெண்டு வருஷ வேலை சார்."

"கோடு இல்லாம நான் என்னத்தக் காட்டிக் கையெழுத்துப் போடுறது?"

மேடம் ஆன்டிபாடி அனுப்பிய கம்பெனிக்குப் போன் செய்தார். ஆடு வெட்டி எவ்வளவு நேரத்தில் ஈரல் ஐஸுக்குப் போகிறது என்று கேட்டார்கள். மேடம் என்னைப் பார்த்தார்.

"கையில வாங்குன ஒடனே போட்டுடுவேங்க," என்றேன். அது உண்மைதான்.

"நாளைக்கு நானும் கடைக்கு வரேண்ணே."

2. பாய் கடையில்

எங்கள் பக்கம் கறிக்கடையில் ஈரல்தான் முதலில் தீரும். அதனால் வாடிக்கைக்காரர்களுக்கென்று கடைக்காரரே ஒதுக்கி வைத்துவிடுவார். அது ஒரு மரியாதை.

நாங்கள் போனபோது வெயில் ஏறியிருந்தது. பாய் குனிந்து, ஈரச் சாக்கை விலக்கி, இலைப் பொட்டலம் ஒன்றை எடுத்தார்.

"வாங்க மேடம். காலேஜுக்குன்னா மொத ஆட்டு ஈரல்தான். எத்தனை பேரு கேட்டாங்க, இல்லைன்னுட்டேன்."

"மொத ஆடு எப்ப வெட்டுனீங்க பாய்?"

"விடியறதுக்கு முன்னாடி சுபுஹு தொழுதுட்டு வந்து வெட்டுனது."

"ஒவ்வொரு தடவையும் இப்படித்தானா?"

"ஒரு நாள் தவறுனதில்ல. அண்ணனக் கேளுங்க."

நானும் பெருமையாகத் தலையாட்டினேன்.

வெட்டிய ஈரல் இந்த வெக்கையில் தன்னைத்தானே அரித்துக்கொள்ளும், தேடுகிற என்சைம் அதற்குள் சிதைந்துவிடும் என்று மேடம் சொன்னார். பாய் முகம் வாடிவிட்டது.

"நல்லதுன்னு நெனச்சில்ல வச்சேன்!"

"கொழம்புக்கு நல்லதுதான் பாய். எனக்கு இனிமே வெட்டப்போற ஆட்டோடது வேணும்."

"அது நோஞ்சான் ஆடு மேடம். காலேஜுக்குக் குடுக்கவே கூச்சமா இருக்கு."

"நோஞ்சானே போதும்."

ஆட்டை வெட்டியதும் சூடு ஆறாத ஈரலை மேடமே சின்னத் துண்டுகளாக நறுக்கி ஐஸ் பெட்டியில் வைத்தார். பொட்டலத்தையும் விடவில்லை. தனியாக வாங்கிக்கொண்டார்.

3. இரண்டு ஈரல், ஒரே பிலிம்

மிச்சமிருந்த ஆன்டிபாடி முழுவதையும் போட்டு, இரண்டு ஈரலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துச் சோதித்தார். இருட்டறையில் பிலிமைக் கரைசலில் ஆட்டியது நான். பாய் எடுத்து வைத்த ஈரலின் இடம் காலி. நோஞ்சான் ஆட்டின் இடத்தில் மெல்லிசாக ஒரு கோடு.

புரொபசர் வெகுநேரம் பார்த்தார். "சரியான எடத்துலதான் விழுந்திருக்கு. இன்னொரு குப்பிக்கு எழுதிக் குடும்மா."

என் கைக்கு வந்த பிறகு எந்தச் சாமானையும் நான் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். வருவதற்கு முன் அது எங்கே இருந்தது என்று கேட்கிற பழக்கம் அன்றைக்குத்தான் வந்தது. நீங்களும் கேட்டுப் பழகுங்கள்.

பாய் அதன்பிறகு எங்களுக்கு எதையும் எடுத்து வைக்கவில்லை. நான் போனால், கடையில் கூட்டம் இருந்தாலும் குரல் கொடுப்பார்: "இருங்கண்ணே, ஒங்களுக்கு இனிமேதான் வெட்டணும்!"