பச்சைப் பெட்டி பிலிமும் மரியான் அண்ணையும்

மரியான் அண்ணை போய்விட்டார்.

கொஞ்சம் முன்தான் எங்கள் ஊர் பேசாலையிலிருந்து தங்கச்சி வொயிஸ் மெசேஜ் போட்டாள். தேத்தண்ணி குடித்துவிட்டுக் கதிரையில் இருந்தவர்... அப்படியே. நான் வவுனியாவில் கந்தோரில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். வேலை ஓடவில்லை.

எங்கள் பக்கத்தில் கலியாணம் கட்டின பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். அவர்தான் போட்டோக்காரர். டிஜிட்டல் வர முந்தி, பிலிம் ரோல் காலத்தில்.

கலியாண வீட்டுக்கு வந்து இருந்தவுடனேயே மனிசன் ஒரு கேள்வி கேட்பார். "முகம் வேணுமோ, சேலை வேணுமோ?"

முகம் என்றால் மஞ்சள் பெட்டி பிலிம். ஆட்களின் நிறம் இதமாக, மாலை வெயில் பட்டதுபோல வரும். சேலை என்றால் பச்சைப் பெட்டி. சேலையின் நிறமெல்லாம் கண்ணைப் பறிக்கும், ஆனால் முகம் கொஞ்சம் குளிர்ந்துபோய்த் தெரியும் என்பார். இரண்டு பெட்டியையும் மேசையில் வைத்துவிட்டு எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்.

எல்லா வீட்டிலும் சேலைதான் வெல்லும். கூறைச்சேலையை ஊருக்குக் காட்ட வேண்டாமா?

என் கலியாணம் சண்டை நின்றிருந்த சமாதான காலத்தில். எங்கள் வீட்டிலும் பெரியம்மா முந்திக்கொண்டார். "சேலைதான் தம்பி. முகத்தை நாங்கள் ஒவ்வொரு நாளும் பாக்கிறம்தானே."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மாவுக்கு அப்போது ஈரல் வருத்தம். முகம், கண் எல்லாம் மஞ்சள் பூத்து, ஆள் பாதியாகிவிட்டார். டொக்டர் சொன்னதை நாங்கள் அவருக்குச் சொல்லவில்லை.

"இந்த மூஞ்சையோட நான் ஒரு படத்திலயும் நிக்க மாட்டன். உன்ர அல்பத்தைப் பழுதாக்கேலாது" என்று அம்மா ஒரே பிடி. அன்றைக்கு முழுக்க அடுப்போடு குசினிக்குள்ளேயே இருப்பாராம். அம்மா இல்லாத கலியாணப் படம் எனக்கு என்னத்துக்கு?

வாசல் படலைவரை பின்னால் போய் மரியான் அண்ணையிடம் இதைச் சொன்னேன். "ம்..." என்றார். சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். எனக்குப் பொல்லாத கோபம். கல்லு மனிசன் என்று திட்டினேன், மனதுக்குள்தான்.

அடுத்த நாள் பின்னேரம் கமெராவோடு வந்து நிற்கிறார்.

"அக்கா, புது ரோல் ஒண்டு வந்திருக்கு. கூறையின்ர சிவப்பு எப்பிடி விழுது எண்டு சோதிச்சுப் பாக்கவேணும். ஒருக்கா அதைப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ."

"பொம்பிளையைக் கூப்பிடு தம்பி" என்று அம்மா என்னைக் காட்டினார்.

"ஐயோ அக்கா, கலியாணத்துக்கு முதல் பொம்பிளை கூறையோட படத்தில நிண்டாக் கூடாதெல்லோ."

அப்படியொரு வழக்கம் மன்னார்த் தீவிலேயே கிடையாது. அந்த இடத்தில் நின்றபடி உண்டாக்கினார். அம்மாவும் "சோதினைப் படம்தானே, குப்பைக்குத்தான் போகும்" என்று எழும்பி வந்தார்.

வெயிலில் நிற்க விடவில்லை. மதில் நிழலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். சேலையை உயர்த்துங்கோ... பதியுங்கோ... தோளில போடுங்கோ... "அத்தான் கண்டாரெண்டா திரும்பவும் தாலி கட்ட வந்திடுவார் அக்கா." அம்மா சிரித்த சிரிப்பு! அப்படிச் சிரித்து எவ்வளவு காலம்.

ரோல் கொழும்புக்குப் போய்க் கழுவி வந்தது. நிழலில் எடுத்தால் படத்தில் நீலம் கூடுமாம், அந்தப் பச்சைப் பெட்டிப் பிலிமும் குளிர்ச்சியாம், அதனால் முகத்தின் மஞ்சள் அடங்கிவிடுமாம். இதெல்லாம் அவர் எனக்குப் பிறகு சொன்னது.

அம்மா படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வருத்தக்காரி மாதிரித் தெரியேல்லை, என்ன?" என்று வீட்டில் எல்லோரையும் கேட்டார்.

கலியாணத்தன்று எனக்குப் பக்கத்தில் நின்றார். எல்லாப் படத்திலும் நின்றார். அன்றும் பச்சைப் பெட்டிதான். பெரியம்மா இன்றைக்கும் தான்தான் வென்றதாக நினைக்கிறார்.

அடுத்த மடு மாதா கோயில் திருநாளுக்கு அம்மா இல்லை.

கடைசி நாட்களில் ஒருநாள் அந்தப் படங்களைக் கேட்டு வாங்கிக் கட்டிலில் பரப்பி வைத்தார். "சேலையைச் சோதிக்கிறவன் ஆராவது இப்பிடி எடுப்பானோ? ஒரு படத்திலயும் சேலை முழுசா இல்லை, பார். எல்லாத்திலயும் என்ர மூஞ்சைதான்."

நான் ஒரு படத்தை எடுத்துப் பார்த்தேன்.

"எனக்குத் தெரிஞ்சதெண்டு அவனுக்குக் காட்டிக்கொள்ளாதை. பாவம், கஷ்டப்பட்டுப் பொய் சொன்னவன்" என்றார்.

நானும் சொல்லவில்லை. கோயில் வாசலில் எத்தனை தரம் கண்டு கதைத்திருப்போம்... சொல்லவேயில்லை.

நாளைக்கு முதல் பஸ்ஸில் வாறன் அண்ணை. சமாதானமாய்ப் போய் வாங்கோ.

அம்மாவுக்குத் தெரியும் அண்ணை. அப்பவே தெரியும்.