இன்னொரு தரம் கேட்கவைத்த காந்திமதி

பெரும்போர் தொடங்குவதற்கு முந்தைய மார்கழி அது. இங்கிலாந்தில் பெயர்பெற்ற சர்வகலாசாலை ஒன்றில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். பாளையங்கோட்டையில் அப்பா காலமாகிவிட்டார். பங்காளிகள் வழக்குப் போட்டு வயல்களை முடக்கினார்கள். ஊரிலிருந்து பணம் வருவது நின்றது. அடுத்த பருவத்துக்குச் சம்பளம் கட்டாவிட்டால் படிப்பை விட்டுவிட்டுக் கப்பலேற வேண்டியதுதான். கடல் தாண்டியவனைப் பந்தியில் சேர்ப்பதில்லை என்று சொந்தக்காரர்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். பட்டமும் இல்லாமல் போனால் எந்த முகத்தோடு அவர்கள் முன் நிற்பேன்?

தூரதேசத்து மாணவர்கள் நொடித்துப்போனால் கொடுப்பதற்கென்று கல்லூரியில் ஓர் உபகாரச் சம்பளம் இருந்தது. எங்கள் ஆசிரியரான வெள்ளைக்காரத் துரை சிபாரிசு செய்தால் கிடைக்கும். நல்ல மனிதர். அப்பா இறந்த செய்தி கேட்டு என்னை வழியில் நிறுத்தி, "பணத்துக்கு ஏதாவது சிரமம் உண்டா?" என்று விசாரித்தார்.

"ஒன்றுமில்லை, ஐயா" என்றேன்.

நம் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். சாப்பிடுகிறாயா என்றால் முதலில் வேண்டாம் என்போம். கேட்டவரும் விடமாட்டார். மூன்றாம் தரம் கேட்டபிறகுதான் இலையில் உட்காருவோம். கப்பலேறப் புறப்பட்டபோது அம்மாவும் அதைத்தான் சொல்லி அனுப்பினாள்.

"ஏலே, ஒருத்தர் குடுத்தா ஒடனே கைய நீட்டிராத. பறக்காவெட்டின்னு நெனப்பாவ. இன்னொரு தடவ கேக்கட்டும்."

துரை தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். மறுபடி கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அந்த ஊரில் இல்லை என்றால் இல்லைதான். நானாகப் போய்க் கேட்க நாக்கு எழவில்லை. வளர்ப்பு அப்படி.

விடுமுறை வந்தது. எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். அந்தப் பெரிய கட்டடத்தில் என் காலடிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. தமிழ் காதில் விழுந்து வருஷத்துக்கு மேலாகியிருந்தது. ஆற்றங்கரையில் நடந்தபடி, "சாப்ட்டியாலே?" என்று என்னையே கேட்பேன். "ஆச்சு" என்று நானே பதிலும் சொல்லிக்கொள்வேன். பைத்தியம் பிடிக்கிறதோ என்று பயமாக இருந்தது.

திருவாதிரை வந்தது. நெல்லையப்பர் காந்திமதியம்மன் கோயில் தாமிர சபையில் அன்று கூட்டம் நெரியும். அந்த நினைப்பே தாளவில்லை. அம்மா கொடுத்த திருநீற்றுப் பையை உதறினேன். அடியில் ஒரு சிட்டிகை இருந்தது. பூசிக்கொண்டு அழுதேன். பணம் கொடு என்று வேண்டவில்லை. "தாயே காந்திமதி, அவரை இன்னொரு தரம் கேட்க வை" என்றேன். அவ்வளவுதான்.

மறுநாள் துரை ஆள் அனுப்பித் தேநீருக்கு அழைத்தார். அவர் மனைவி அயர்லாந்துக்காரர். ரொட்டியும் வெண்ணெயும் நீட்டினார்.

"வேண்டாம், அம்மா."

"ஒரு துண்டாவது?"

"வேண்டாம்."

"இவ்வளவு தூரம் வந்துவிட்டு வெறும் வயிற்றோடு போவதா? எடுத்துக்கொள்."

மூன்றாம் தரம் கேட்டுவிட்டார். எடுத்தேன். தட்டு காலியான பிறகுதான் அழுதுகொண்டே தின்றிருக்கிறேன் என்று தெரிந்தது.

"எங்கள் அயர்லாந்திலும் முதல் மறுப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை" என்று அந்த அம்மாள் சிரித்தார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார்.

"இவனுக்குப் பணக்கஷ்டம் இல்லை என்றீர்களே, எத்தனை தரம் கேட்டீர்கள்?"

"ஒரு தரம்."

"இன்னொரு தரம் கேளுங்கள்."

நான் வேண்டிய அதே வார்த்தை. துரை கேட்டார். "சிரமம்தான், ஐயா" என்றேன்.

தை பிறந்ததும் உபகாரச் சம்பளம் கிடைத்தது. போர் நடக்கும்போதே பட்டத்தோடு ஊர் வந்து சேர்ந்தேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தொரசானின்னா நெனைக்க? நம்ம காந்திமதில்லா அங்கன போயிருக்கா" என்றாள். எனக்கும் அதில் சந்தேகமில்லை.

இப்போது பாளையங்கோட்டையில் வாத்தியாராக இருக்கிறேன். பள்ளிச் சம்பளம் கட்டக் கஷ்டமில்லை என்று எந்தப் பையன் சொன்னாலும் மறுபடி கேட்காமல் நான் இடத்தை விட்டு நகர்வதில்லை. நீங்களும் நாக்கு எழாத இடத்தில் காந்திமதியிடம் சொல்லுங்கள், அவளுக்குக் கேட்கும். ஒன்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன். யாராவது உங்களிடம் ஒன்றும் வேண்டாம் என்றால், இன்னொரு தரம் கேளுங்கள். அதைத்தான் அவர் அம்மையிடம் வேண்டிக்கொண்டு வந்திருப்பார்.