விலகி நின்ற ஒரு வாக்கு

எங்களுக்கு மேல்மாடியில் ஓர் ஐரிஷ்காரர் இருந்தார். சூரிச்சில் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். சுவிஸ் பெண்ணொருத்தியை மணந்து, சோலோதுர்ன் நகரத்துக்குப் பக்கத்திலுள்ள அவளுடைய சிற்றூருக்கு வந்தவர், அவள் இறந்த பிறகும் இங்கேயே தங்கிவிட்டார். இளம் வயதில் அயர்லாந்தில் நகரசபை உறுப்பினராக இருந்திருக்கிறார். அந்த ஆசை விடவில்லை. இங்கேயும் குடியுரிமை எடுத்து, தேர்தலில் நின்று ஊர்ச்சபைக்குப் போனார். பிறகு, குடியுரிமை கேட்பவர்களை நேரில் விசாரிக்கும் குழுவிலும் அவரைப் போட்டார்கள்.

நான் நகரத்து மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்கிறேன். அப்போது எனக்கும் பிள்ளைகளுக்கும் சுவிஸ் குடியுரிமை கிடைத்துவிட்டது. என் மனைவி மட்டும் ஜெர்மன் வராதென்று பயந்து வருடக்கணக்காகத் தள்ளிப்போட்டிருந்தாள். அவள் இன்னும் அகதி அனுமதியில்தான் இருந்தாள். அதை வைத்துக்கொண்டு ஊருக்குப் போக முடியாது. போனால் இங்கே இருக்கும் உரிமை போய்விடும். யாழ்ப்பாணத்தில் அவளுடைய தகப்பன் படுக்கையில் விழுந்த பிறகுதான் பயத்தை ஒதுக்கிவிட்டு விண்ணப்பம் போட்டாள்.

பேராசிரியரோடு பழக்கமானது கட்டடத்தின் நிலவறையில், உடுப்புத் தோய்க்கும் அறையில். செவ்வாய் எங்கள் முறை, புதன் அவருடையது. அவர் நாள் மாறி எங்கள் செவ்வாயில் வந்து நிற்பார். கணக்குப் பேராசிரியருக்குக் கிழமை தெரியவில்லையே என்று மனைவி சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் தொடங்கி, சனிக்கிழமைகளில் எங்கள் குசினி மேசையில் அவளோடு ஜெர்மன் கதைக்க வரும் அளவுக்கு நெருக்கமானார். அவர் பாடம் எடுக்கவில்லை. ஊரில் நடக்கும் புதினங்களைக் கதைப்பார், அவ்வளவுதான். ஐரிஷ் மொழியில் தனக்குச் செபம் மட்டும்தான் தெரியும் என்று ஒருநாள் சொன்னார். மிச்சமெல்லாம் தாயோடு போய்விட்டதாம்.

இன்னொரு சனிக்கிழமை தன் பெரிய தேற்றத்தைப் பற்றிச் சொன்னார். பதினொரு வருட உழைப்பு. அச்சில் வந்து, ஆட்கள் கைதட்டி, நாலு வருடம் கழித்து ஒரு ரயில் பயணத்தில் அதிலிருந்த ஓட்டையை அவரே கண்டுபிடித்தார். வேறு யாரும் கண்டிருக்கவில்லை. வீடு போய்ச் சேர்ந்ததும் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, தேற்றத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

"சும்மா இருந்திருக்கலாமே?" என்று மனைவி கேட்டாள்.

"இருந்திருக்கலாம்" என்றார். கோப்பையில் மிஞ்சியிருந்த தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விசாரணை நாளன்று மனைவி மாலை ஐந்து மணிக்கு ஊர்ச்சபைக்குப் போய், ஆறு மணிக்கு வெளியே வந்தாள். முகம் வெளிறியிருந்தது. "எல்லாம் சொன்னனான். ஒரு கேள்விதான் விளங்கேல்லை" என்றாள். பேராசிரியர் குழுவில் இருந்தாரா என்று கேட்டேன். "நான் உள்ளுக்குப் போகேக்குள்ள அவர் எழும்பி வெளியில போயிட்டார். என்னைப் பாக்கவும் இல்லை."

மறுநாள் அவரே எங்கள் கதவைத் தட்டினார். உள்ளே வந்தும் உட்காரவில்லை.

"கடிதம் பிறகு வரும். நானே சொல்வதுதான் முறை. கிடைக்கவில்லை" என்றார். "ஏழு பேரில் நான் விலகிக்கொண்டேன். நான் உங்களுக்கு மொழி பழக உதவியவன். வேண்டியவர்களுடைய விஷயம் வந்தால் வெளியே போக வேண்டும் என்பது விதி. மற்ற ஆறு பேரும் மூன்றுக்கு மூன்றாகப் பிரிந்தார்கள். சமமாக வந்தால் தலைவரின் பக்கம்தான் முடிவு. அவர் மறுப்பின் பக்கம் நின்றார்."

நான் கூட்டிப் பார்த்தேன். அதற்குக் கணிதம் தேவைப்படவில்லை. "நீங்கள் இருந்திருந்தால்?" என்றேன்.

"கிடைத்திருக்கும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவர் உதவிக்கு வராமலே இருந்திருந்தால் வாக்குப் போட்டிருப்பார். உதவியதே எங்களுக்கு வினையானது. நான் கதவைத் திறந்து பிடித்தேன். அவர் போய்விட்டார். மறுபடி விண்ணப்பிக்க இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும் என்று கடிதம் சொன்னது.

மாமா, அவளுடைய தகப்பன், அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. ஒரு பங்குனி மாதக் காலையில் போய்ச் சேர்ந்தார். செத்தவீட்டுச் சடங்கை மனைவி குசினி மேசையில் தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துப் பார்த்தாள். யாரோ நடந்துகொண்டே பிடித்தபடியால் படம் ஆடியது. தகப்பனின் முகத்தைக் காட்டச் சொல்லி அவள் கெஞ்சினாள். ஆனால் அங்கே பறைச்சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

எப்படிக் கேள்விப்பட்டாரோ, பேராசிரியர் அன்று பின்னேரம் வந்தார். நான் விட்டிருக்க மாட்டேன். மனைவிதான் உள்ளே கூப்பிட்டாள். சனிக்கிழமைகளில் இருக்கும் அதே கதிரையில் இருந்தார்.

"நான் செய்தது..." என்று தொடங்கினார்.

"சரியானது" என்றாள் அவள். அவளுடைய ஜெர்மன் அன்று தடக்கவே இல்லை. "நீங்கள் பிழை செய்திருந்தால் உங்களோடு கோபிக்கலாம். கோபிக்கவும் வழியில்லை. அதுதான் நோகிறது."

அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அடுத்த மாதமே ஊர்ச்சபையிலிருந்து விலகிவிட்டார்.

இரண்டாவது விண்ணப்பம் ஒரு தடையுமில்லாமல் நிறைவேறியது. மனைவி ஊருக்குப் போய் மூன்று கிழமை நின்றுவிட்டு வந்தாள். தகப்பனின் அறையில் இப்போது தம்பியின் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்றாள்.

அதற்குள் பேராசிரியருக்குக் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. பிறகு நடையும் போய், கடைசியில் நான் வேலை செய்யும் மருத்துவமனைக்கே கொண்டுவந்தார்கள். மத்தியான வேலை முடிந்ததும் மேலே போய் அவரைப் பார்ப்பேன். கட்டிலை யன்னல் பக்கம் திருப்பிவிடுவேன். கதை குறைவு. ஒருநாள், எனக்குள் வருடக்கணக்காகக் கிடந்ததைக் கேட்டேன்.

"அந்த அறைக்குள் இப்போது இருந்தால் என்ன செய்வீர்கள்?"

குரல் எழும்ப அவருக்கு நேரமெடுத்தது. "ஒவ்வொரு நாளும் அதைத்தான் யோசிக்கிறேன். வேறு விடை வரட்டும் என்று பார்க்கிறேன்." மூச்சு வாங்கினார். "எழும்பி வெளியேதான் போகிறேன்."

அவர் வேறு மாதிரிச் சொல்ல வேண்டும், ஒரு பொய்யாவது சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருடைய கண்ணின் ஓரத்தில் நீர் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்க அவருடைய கை ஒத்துழைக்கவில்லை. நான் துடைத்துவிட்டேன். வீட்டில் மனைவி, "புரொபெசர் என்ன சொன்னவர்?" என்று கேட்டபோது, "நித்திரையில இருந்தார்" என்றேன்.

பத்து நாள் கழித்து இறந்தார். அடக்கத்துக்கு அயர்லாந்திலிருந்து ஒரு தங்கை வந்திருந்தார். ஊர்ச்சபைத் தலைவர், பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பேருந்து நிற்பது அவரால்தான் என்று பேசினார். வேறொருவர் கணிதத்தைப் பற்றிச் சொன்னது எங்களுக்கு விளங்கவில்லை. தங்கை எழுந்து ஐரிஷ் மொழியில் ஒரு செபம் சொன்னார். பின்வரிசையில் என் பக்கத்தில் இருந்த மனைவி விம்மி அழத் தொடங்கினாள். தகப்பன் செத்த அன்றுகூட அவள் அப்படிச் சத்தம் வைத்து அழவில்லை. முன்வரிசையில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.