வெறுங்கையோடு இருந்த மாதங்கள்

கண்ணாடி வளையலை நீங்களாகவே போட்டுக்கொண்டு பாருங்கள், அப்போது தெரியும். விரல்களைக் குவித்து, கட்டைவிரல் மூட்டை உள்ளே அமுக்கி, இன்னொருவர் பிடித்து ஏற்றினால்தான் அது உடையாமல் ஏறும். வளையல் வியாபாரத்தில் பாதி, கையைப் பிடிப்பதுதான். பாரூர் ஏரி வாய்க்காலை ஒட்டிய எங்கள் ஊருக்கு மாதம் ஒருமுறை வரும் வளையல்காரர், ஊர்த்தெருவில் நிலக்காரர் வீட்டுப் பெண்களின் கையைப் பிடித்து, தெலுங்கும் தமிழுமாகக் கதை பேசி, நோகாமல் ஏற்றிவிடுவார். எங்கள் தெருவுக்கு வந்தால் புளியமரத்தடியில் ஏதோ ஒரு நிறத்தில் ஒரு கட்டு வளையலைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொள்வார். நாங்கள் கூலிக்காரர்கள். எங்கள் கையைத் தொடமாட்டார். நாங்களே சோப்பு நுரையைத் தடவி ஏற்றிக்கொள்வோம். பாதி உடையும், உடைந்ததற்கும் காசு கொடுக்க வேண்டும்.

எனக்குக் கல்யாணமான புதிதில், ஐம்பதுகளின் நடுவில், போச்சம்பள்ளி சந்தைக்குப் போனேன். அங்கே ஒரு வளையல் கடைக்காரர், "வா தாயி" என்று என் கையைச் சட்டென்று பிடித்து ஏற்ற ஆரம்பித்துவிட்டார். எந்த ஊர், எந்தத் தெரு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வளையலோடு வீட்டுக்கு வந்தபோது சந்தோஷத்தைவிட எங்கள் ஊருக்கு வருகிறவர்மேல் கோபம்தான் அதிகமாக இருந்தது. எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும்.

"அப்ப அல்லாரும் சந்தையிலயே வாங்கிக்கலாமே" என்றாள் நாத்தனார்.

"அந்த ஆளு தெரியாம புடிச்சாரு. நம்மளத் தெரிஞ்சவரு புடிக்கணும். அதுவரைக்கும் எனக்கு வளையலே வேணாம்" என்றேன்.

அது நடவுக்காலம். நடவுக்கு ஊர் ஊராகப் போகிறவர்கள் நாங்கள், பேச்சும் எங்களோடு போனது. வாய்க்கால் ஓரத்துத் தெருக்களில் ஒவ்வொன்றாக, இனி தரையில் வைக்கும் வளையலை எடுப்பதில்லை என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள். இருந்த வளையல்கள் சேற்றிலும் நாற்றுக்கட்டிலும் உடைந்தன. புதிதாக யாரும் போடவில்லை.

என் வீட்டுக்காரர் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தார். கூலி நெல்லை நியாயமான படியால் அளக்க வேண்டும் என்று மேடையில் தொண்டை கிழியப் பேசுவார். நான் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"கூலிக்குச் சண்டை போடுறோம், ஒரு ஞாயம் இருக்குது. கண்ணாடித் துண்டுக்கெல்லாமா போராட்டம்? அதெல்லாம் யாவாரி நம்ம காசப் புடுங்கறதுக்குக் காட்டற ஆசை. ஆசைய விடுங்க புள்ள, அதான் போராட்டம்."

"நீ பீடிய விடு மாமா, நான் ஆசைய விடறேன்" என்றேன். அதோடு எழுந்து போய்விட்டார்.

அவர் சொன்னது முழுக்கத் தப்பு என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் நிலம் அடுத்தவருடையது, கூலியின் அளவு அடுத்தவர் சொல்வது, தண்ணீர் எடுக்கும் துறைகூட அடுத்தவர் காட்டியது. ஒரு பொருளை வாங்குவதும் வாங்காமல் இருப்பதும் மட்டும்தான் எங்கள் இஷ்டமாக இருந்தது. அதையும் விட்டுவிடு என்றால் எதை வைத்துக்கொண்டு சண்டை போடுவது? மேடை ஏறுகிறவர்களுக்கு இது ஏன் புரியவில்லை என்று அப்போது பொருமிக்கொண்டே இருந்தேன்.

வேடிக்கை அதற்கு அப்புறம்தான். புருஷன் இருக்கும்போது பெண்டாட்டி வெறுங்கையோடு இருந்தால் எந்த ஆணுக்குப் பொறுக்கும்? தெருவில் இருந்த ஆண்கள் ஒவ்வொருவராக முகம் வெளுத்தார்கள். சாமி இல்லை, சகுனம் இல்லை என்று பேசும் என் வீட்டுக்காரரும் சாப்பிட உட்கார்ந்தால் என் கையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார். ஒருநாள் கிருஷ்ணகிரிக்குக் கூட்டத்துக்குப் போனவர் வேட்டி மடிப்பிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். உள்ளே வளையல். நான் சிரித்த சிரிப்பில் அவருக்கு முகம் சிவந்துவிட்டது. போட்டுக்கொள்ளவில்லை, பரணில் வைத்துவிட்டேன்.

ஆனால் சிரிப்பு நீடிக்கவில்லை. அப்போது நான் முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தேன். ஏழாம் மாதம் வளைகாப்பு. வயிற்றுப் பிள்ளைக்கு வளையல் சத்தம் கேட்க வேண்டும் என்பார்கள். மாமியார் என் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டு அழுதார். "புள்ளைக்கு ஏதாச்சும் ஆனா யாரு பதில் சொல்றது?" என்றார். எனக்கும் பயம்தான். ராத்திரி வயிற்றில் அசைவு இல்லாவிட்டால் மூச்சு நின்றுவிடும். வீம்புக்காகப் பிள்ளையைப் பணயம் வைக்கிறேனோ என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் நான் போட்டுக்கொண்டால் அன்றைக்கே மற்றவர்களும் தரையிலிருந்து எடுத்துக்கொள்வார்கள் என்பதும் தெரியும்.

எங்களுக்குப் பிடி கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். ஊர்த்தெருப் பெண்களின் வளையல் மாதக்கணக்கில் உடையாது. வயலில் இறங்கும் எங்களுக்குத்தான் அடிக்கடி உடையும். வளையல்காரரின் பிழைப்பே எங்களை வைத்துத்தான் ஓடியது. ஏழாம் மாதம் முடிவதற்குள் அவர் வந்தார். புளியமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்தார். யாரையும் பார்க்காமல், "வாங்கம்மா" என்றார்.

நான் போய் எதிரில் உட்கார்ந்து கையை நீட்டினேன். நாற்றுப் பிடித்துக் காய்த்துப்போன கை. அவர் பிடித்தார். விரல்கள் சில்லென்று இருந்தன. வளைகாப்புக்குப் பச்சையும் சிவப்பும் என்பது வழக்கம், அதில் கேட்க ஒன்றுமில்லை. ஒன்றுகூட உடையாமல் இரண்டு கையும் நிறைந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்குப் பின்னால் நாத்தனாரும் மற்றவர்களும் போட்டுக்கொண்டார்கள்.

தெருவிலிருந்து கிளம்பிய அவர், ஊர்த்தெருவுக்குத் திரும்பும் முன் வாய்க்காலில் இறங்கி முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். தலையிலும் தண்ணீரைத் தெளித்துக்கொண்டார். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். நாத்தனார் அங்கேயே தன் வளையல்களைக் கல்லில் அடித்து உடைத்தாள். என்னால் முடியவில்லை. கழற்றக்கூட மனம் வரவில்லை.

"மனசு மாறலியே. யாவாரம்தான் மாறியிருக்குது" என்றார் வீட்டுக்காரர், அன்று சாயங்காலம். கேலியாகச் சொல்லவில்லை.

"மனசு எப்ப மாறுதோ மாறட்டும். கழுவறதுன்னா ஏரித் தண்ணி இருக்கற வரைக்கும் கழுவட்டும். நம்ம கையப் புடிக்காம இனி விக்க முடியாதில்ல?" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. வளைகாப்பு நடந்தது, பிள்ளையும் நல்லபடியாகப் பிறந்தது.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுத்த முறை நானே முதலில் போனேன். அவரை நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்ற முடிவோடுதான் போனேன்.

"ஏனுங்க வளையல்காரரே, இன்னைக்கும் வாய்க்கால்ல கழுவிட்டுத்தான் போவீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஊர்த்தெருவுல, கழுவிட்டியான்னு கேக்கறாங்கம்மா. இல்லேன்னா உள்ள விடமாட்டேங்கறாங்க" என்றார். பிறகு என் கையைப் பிடித்து, அளவு பார்த்து, பெட்டியைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார். நீலம், மஞ்சள், ஊதா, கறுப்பு எல்லாம் வரிசையாக இருந்தன.

"உனக்கு எந்தக் கலரு வேணும்மா?"

அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. பின்னால் பெண்கள் சீக்கிரம் சொல்லு என்று அவசரப்படுத்தினார்கள். நான் பெட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு என்ன நிறம் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியவில்லை.